பதினொரு கல்லு

கல்லு எண்ணுறது என்ட வேலை.
சதுர மீற்றருக்கு முப்பத்தொம்பது.
நெளிஞ்ச விளிம்புள்ள சாம்பல் கல்லு,
ஒண்டின்ட இடுப்பில ஒண்டு கொளுவி நிக்கும்.

ஆரையம்பதியில, வாவிக்கு இறங்குற ஒழுங்கை.
கிண்டக் கிண்ட
முதல் தார்,
அதுக்குக் கீழ கிறவல்,
அதுக்குக் கீழ ஆரோ கொட்டின ஓட்டுத் துண்டு,
அடியில கடல் மணல், சிப்பியோட.
கடல் இஞ்சயிருந்து எவ்வளவு தூரம்.
மணல் எப்பிடி வந்ததெண்டு
ஒருத்தரும் கேக்கயில்ல.
ரஞ்சிதமலர் மட்டும் மண்வெட்டியை நிப்பாட்டி
ஒரு சிப்பியை எடுத்து
சேட்டுப் பொக்கற்றுக்குள்ள போட்டா.

குழிகளுக்குப் பேர் வச்சிருந்தாங்க.
மாப்பிள்ளைக் கார் புதைஞ்சது கலியாணக் குழி.
கச்சேரிக்குப் போனா கடிதம் வரும், தார் வராது,
அது கச்சேரிக் குழி.
வாத்துக் குழியில போன மாரி முழுக்க
உண்மையாவே வாத்து.

அஞ்சு நாளில எல்லாத்தையும் மூடினம்.
மெசின் குதிச்சுக் குதிச்சு நிலத்தை இறுக்க
வீட்டு வீட்டுக்குச் சருவச்சட்டி கிணுகிணுத்துது.
நூல் கட்டி, மணல் அரிச்சுப் பரவி,
றப்பர் சுத்தியலால தட்டிக்கொண்டு போவன்.
சரியா இருந்த கல்லு வேற சத்தம் போடும்.
கேட்டாத்தான் தெரியும்.

ஆறாம் நாள் மத்தியானம்
கணக்கு உதைச்சுது.
பதினொரு கல்லு குறையுது.

கொந்தறாத்துக்காரர் ஹிதாயத்துல்லா
கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுத் திரும்பப் போட்டு
கொப்பியை ரெண்டு தரம் பார்த்தார்.
"ராவையில கல்லுக்குக் கால் முளைக்கும் தங்கச்சி.
போய்க் கூட்டிக்கொண்டு வாங்க."

போனன்.
முதல் வீட்டில கோழிக்கூட்டுக் கதவுக்கு ஒண்டு.
கேக்க முதலே கழுவித் தந்தாங்க.
யோகநாயகியக்காட தண்ணி மோட்டருக்குக் கீழ மூண்டு.
"சபைக் கல்லெண்டு தெரியாது கா"
எண்டு சொல்லிச் சொல்லியே தேத்தண்ணி ஊத்தினா,
சீனி கூட.
மாரி வெள்ளத்துக்கு முந்தி
நெல்லு மூட்டையை உயர்த்தி வச்ச வீட்டில நாலு.
மூட்டையை இறக்க நானும் ஒரு பக்கம் பிடிச்சன்,
நாரி இன்னும் நோகுது.
விக்கெற்றுக்கு நிப்பாட்டின ஒண்டை
ஓவர் முடியுமட்டும் தரமாட்டன் எண்டான் ஒரு பொடியன்.
வெயிலுக்க நிண்டு பார்த்தன்.
நாலாம் பந்தில அவுட்.
அழுதுகொண்டு தந்தான்.

ஒம்பது.

கடைசி வீடு, வாவிப் பக்கம்.
கிருபைராசா கட்டிலில.
ஆடி மாசத்து இருட்டில
மீன் பெட்டியும் சைக்கிளுமா
கலியாணக் குழிக்குள்ள விழுந்த மனிசன்.
ஆஸ்பத்திரியால வந்து நாலு நாள்.
எக்ஸ்றேயை வெளிச்சத்துக்குப் பிடிச்சுக் காட்டினார்,
தொடையெலும்பில வெள்ளை வெள்ளையா ஆணி,
எண்ணிப் பார்த்தன், பழக்க தோசம்,
ஏழு.

கால் வீங்காமலிருக்க
கால்மாட்டை உயர்த்தச் சொன்னாராம் டொக்டர்.
கட்டில் கால் ஒண்டுக்கு ஒரு கல்லு.

மனிசி என்னைக் கண்டதும் குனிஞ்சா,
"இந்தா, இப்ப எடுத்துத் தாறன்,
தலாணிய வச்சுச் சமாளிப்பம்" எண்டு.
அவர் வேற ஒண்டு கேட்டார்:
"அந்தக் குழி மூடியாச்சா?"
"ஓம்."
"நல்லா இறுக்கினீங்களா?"
"ஓம்."
மறுகா ஒண்டும் கேக்கயில்ல.
சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்,
ஏலுமான அளவுக்கு.

நானும் குனிஞ்சு பார்த்தன்.
சுத்தியலால தட்டத் தேவையில்ல.
ரெண்டும் சரியா இருந்துது.

திரும்பி வந்து, ஒழுங்கை முடியுற மூலையில
ரெண்டு கல்லு இடத்துக்குச் சீமெந்து குழைச்சு ஊத்தினன்.
காய முதல் ஒரு கோழி நடந்து போச்சு.
கலைக்கயில்ல.

கொப்பியில
"உடைஞ்சது" எண்ட நிரலுக்குக் கீழ
ரெண்டு எண்டு எழுதினன்.
ஹிதாயத்துல்லா வாங்கி ஒப்பம் வச்சார்,
கண்ணாடி போடாமலே.